சந்துக்குப் போகிற நிலம்

பூந்தமல்லியைத் தாண்டி ஒரு புது மனைப்பிரிவில் இயந்திரம் வீடு கட்டுகிறது என்று கேள்விப்பட்டு ஒருநாள் காலையில் பார்க்கப் போனேன். கரையான்சாவடியில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எனக்குச் சின்னதாக ஓர் அலுவலகம் உண்டு. வீட்டுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். டிரேசிங் தாளில் பேனாவால் கோடு இழுத்த காலத்திலிருந்து இதைச் செய்து வருகிறேன். அதனால் சுவர் எழும்புவது எனக்குப் புதிதில்லை. அன்று பார்த்தது புதிது. தண்டவாளத்தின்மேல் நின்ற இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு குழாய் முன்னும் பின்னும் நகர்ந்து, இடியாப்பம் பிழிவது போலக் கலவையை வரி வரியாக அடுக்கிக்கொண்டே போனது. கொத்தனார் இல்லை, சாரம் இல்லை. ஓரத்தில் இரண்டு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் இளம் பொறியாளர். நான் தொழில்காரி என்று தெரிந்ததும் உற்சாகமாகப் பேசினார். "இன்னும் கொஞ்ச வருஷம்தான் மேடம். வீடு கட்டறது ஒரு விஷயமே இல்லாம போயிடும். வீடு இல்லைன்னு யாரும் சொல்ல வேண்டியிருக்காது."

"மனை?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டு, "அது இந்த மெஷின்ல வராதே" என்றார்.

பேருந்தில் திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் சொன்னதை நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஒரு காலத்தில் தெருவுக்கு ஒன்று இருந்த தொலைபேசி இன்று எல்லார் சட்டைப்பையிலும் இருப்பது போல, வீடும் ஒருநாள் எல்லாருக்கும் எட்டிவிடும். பாதி தூரம் வந்தும்விட்டோம். சாயங்காலம் ஆவடிப் பக்கம் போனால் புது அடுக்குமாடிகளில் வரிசை வரிசையாக இருட்டு ஜன்னல்கள் தெரியும். வாங்கிப் பூட்டியவர்கள் வேறெங்கோ இருப்பார்கள். பின்தெருவில் ஒற்றை அறைக்குள் ஒரு குடும்பமே வாடகைக்கு இருக்கும். கட்டடம் போதுமான அளவு இருக்கிறது. அதை எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்பதுதான் நமக்குக் கைவரவில்லை. என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் சுவருக்காகச் சண்டை போட்டு நான் பார்த்ததே இல்லை. சுவர் நிற்கிற அரையடி மண்ணுக்காக அண்ணன் தம்பி பேச்சை முறித்துக்கொண்டதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்கும் அப்படி ஒரு மண் இருந்தது. பருத்திப்பட்டு ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி, இருபதடி அகலத்தில், நீளமாக ஒரு மனை. என் கணவரின் குடும்பம் அந்த ஊரில் தலைமுறைகளாக நெல் போட்ட குடும்பம். மாமனார் காலத்திலேயே வயல் மனைப்பிரிவாகிவிட்டது. விற்றதுபோக மிஞ்சியது அந்த ஒரு பட்டைதான். அதில் என் கணவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் சமபங்கு. நாங்கள் திருமுல்லைவாயிலில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன். ஓய்வு நெருங்கியபோது ஒருநாள், "ஊருக்கெல்லாம் படம் போடற, நமக்கு ஒண்ணு போடேன்" என்றார்.

போட்டேன். கீழே அண்ணன் வீடு, மேலே எங்கள் வீடு. பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் மிஞ்சியது ஒரு ரயில்பெட்டி. முன்னறைக்கு வெளிச்சம் வரும், கடைசி அறைக்கு வரும். நடுவில் மாட்டிக்கொண்ட சமையலறையில் பட்டப்பகலிலும் விளக்கு எரிய வேண்டும். வேறு யாராவதாக இருந்தால், "இந்த மனைக்கு இவ்வளவுதாங்க வரும்" என்று சொல்லி அனுப்பியிருப்பேன். அதை எனக்கே சொல்லிக்கொள்ள மனம் வரவில்லை. கணினியில் அந்தப் படத்தை மூடிவைத்துவிட்டு மற்ற வேலைகளைப் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெண் என் அலுவலகப் படியேறி வந்தார். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி தைக்கிற ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. அதனால் இங்கே அவரை சூப்பர்வைசர் என்றே சொல்கிறேன்.

"பருத்திப்பட்டுல ஒரு மனை கீது மேடம். எங்க நைனா வாங்கினது. எனக்கும் என் தம்பிக்கும் ரெண்டு வூடு வர்ற மாதிரி படம் போடணும்" என்றார்.

மனைப்பிரிவின் வரைபடத்தைத் திறந்து அவர் சொன்ன எண்ணைத் தேடினேன். எங்கள் மனையை ஒட்டினாற்போல அடுத்த மனை அது. அதே இருபதடி அகலம். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே சொன்னார். "நீங்க அந்த வூட்டு மருமகள்னு தெரிஞ்சுதான் வந்தேன். இங்க வேற யாரு நல்லாப் போடறாங்க?"

அவருடைய அப்பாவைப் பற்றி நான் கேள்விப்பட்டிருந்தேன். மாமனார் வயலில் பம்ப்செட்டைப் பார்த்துக்கொண்டவர். பிறகு அம்பத்தூரில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார். வயல் மனையானபோது, தான் தண்ணீர் பாய்ச்சிய அதே நிலத்தில் ஒரு மனையைத் தன் சம்பளத்தில் புரோக்கர் மூலமாக வாங்கினார். பத்திரம் பதிந்த பிறகுதான் யார் வாங்கியது என்று மாமனாருக்குத் தெரிந்ததாம். கொஞ்ச நாள் வீட்டில் அதே பேச்சாக இருந்தது என்று என் கணவர் சொல்லியிருக்கிறார்.

சூப்பர்வைசரின் மனையை வரைய ஆரம்பித்தால், அதே ரயில்பெட்டி. இரண்டு மனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் திரையில் வைத்தேன். எங்கள் பக்கம் ஒரு சந்து, நடுவில் மதில், அவர்கள் பக்கம் ஒரு சந்து. இரண்டு சந்திலும் வெயில் விழாது. ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம், அவ்வளவுதான். சென்னையின் மேற்குப் புறநகர் முழுக்க இப்படித்தான் மண் கிடக்கிறது. ஏசி பெட்டியும் உடைந்த வாளியும் எலியும் இருக்கிற இடத்துக்கு நாம் பட்டா வைத்திருக்கிறோம்.

"சும்மா ஒரு நிமிஷம் பாருங்க" என்று சொல்லி நடுக்கோட்டை அழித்தேன்.

திரையில் நாற்பதடி அகலத்துக்கு ஒரே மனை. சந்துக்குப் போன நிலமெல்லாம் நடுவில் ஒன்றுசேர்ந்து, எல்லா அறைக்கும் வெளிச்சம் கொடுக்கிற திறந்த இடமாக ஆனது. அவர் முன்னால் சாய்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"அழகாத்தான் கீது" என்றார். "படத்துல எல்லாமே அழகாத்தான் இருக்கும் மேடம்."

"ஏன், பிடிக்கலையா?"

"பிடிக்குது. அதான் யோசிக்கறேன்." பின்னால் சாய்ந்துகொண்டார். "உங்க மாமனார் நல்லவருதான், தப்பா சொல்லல. ஆனா எங்க நைனா அந்தக் கெணத்துல மோட்டார் போட்டு விட்டவரு, கடைசி வரைக்கும் கெணத்து மேட்டுல உக்காந்தது இல்ல. தண்ணி வேணும்னா யாராவது ஊத்தணும், கையேந்திக் குடிக்கணும். இப்ப ரெண்டு வூடும் கூட்டு சேர்ந்தா, நாளைக்கு யாரு பெரியவங்க? அதுக்கு இன்னா பதில் சொல்வீங்க?"

அவர் எழுந்து பையை எடுத்துக்கொண்டார். "மொதல்ல உங்க வூட்ல கேளுங்க. அங்க ஒத்துக்கட்டும். அப்புறம் நான் யோசிக்கறேன்."

அன்று என் கணவரிடம் சொன்னேன். கணினியில் படத்தைக் காட்டினேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. "நம்ம சமையல்கட்டுக்கு வெளிச்சம் வருமா?" என்று மட்டும் கேட்டார். வரும் என்றேன். "அப்ப அண்ணன்கிட்ட நான் பேசறேன்" என்றார்.

அண்ணன் அப்போது ஆவடியில் மகன் வீட்டில் இருந்தார். சொந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று எங்களைவிட அவருக்குத்தான் அவசரம். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து, படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இன்னாமா இது? அவங்க மனையும் நம்ம மனையும் ஒண்ணா?"

"ஆமாம் மாமா. ஒரே கட்டடம், நாலு வீடு."

"ஒரே படிக்கட்டா?"

"ஒரே படிக்கட்டு, ஒரே லிஃப்ட்."

கண்ணாடியைக் கழற்றினார். "நம்ம ஆளுங்க வந்து கேட்டா இன்னா சொல்றது?"

என் கணவர் அப்போதுதான் பேசினார். "பக்கத்து வூட்டுக்காரங்கன்னு சொல்றது. எங்க கம்பெனிலதான் அவங்க அப்பா வேலை பார்த்தாரு. அவரும் நானும் ஒரே கேன்டீன்ல ஒரே வரிசைல தட்டு ஏந்திகினு நின்னோம். அப்ப யாரும் ஒண்ணும் கேக்கலையே."

"அது வேற. இது மண்ணுடா."

அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. சோற்றைப் பங்கிடப் பழகிவிட்டோம், பேருந்தில் இடத்தைப் பங்கிடப் பழகிவிட்டோம். மண் என்று வந்தால் மட்டும் பழைய பயம் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. அவர் கெட்டவர் இல்லை. அவர் பார்த்த உலகத்தில் நிலம் கையைவிட்டுப் போனதைத்தான் பார்த்திருக்கிறார், வந்ததைப் பார்த்ததில்லை.

நான் வேறு வழியில் பேசினேன். அந்தத் தெருவில் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் என்பது அவருக்கே தெரியும். "தனியாக் கட்டினா மண்ணு கொட்டி மனையை ஒசத்தணும் மாமா. நாம ஒசத்தினா தண்ணி அவங்க பக்கம் போகும். அவங்க நம்மளைவிட ஒசத்துவாங்க, நம்ம பக்கம் வரும். ரெண்டு பேரும் ஆயுசு முழுக்க ஒசத்திக்கிட்டே இருக்கணும். சேர்ந்து கட்டினா தூண்மேல நிறுத்திடலாம். தண்ணி கீழ வந்துட்டு அது பாட்டுக்குப் போயிடும். இருபதடியில தனியா அப்படிச் செய்யவே முடியாது, படிக்கட்டுக்கே இடம் பத்தாது."

தண்ணீர் விஷயம் அவருக்குப் புரிந்தது. "வர்றேன், பேசிப் பார்க்கலாம். ஒத்துக்கிட்டேன்னு அர்த்தம் இல்ல" என்றார்.

மனையிலேயே கூடினோம். கருவேல முள்ளை வெட்டித் தள்ளிவிட்டு, எதிர் டீக்கடையில் நாற்காலிகளை வாங்கிப் போட்டிருந்தோம். சூப்பர்வைசர், அவர் கணவர், தம்பி மூவரும் வந்தார்கள். கணவர் கம்பெனி வேன் ஓட்டுகிறவர், சிரித்த முகம். மாமா ஓர் ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

டீ வந்தது. யார் ஆரம்பிப்பது என்று தெரியாமல் எல்லாரும் டீயைக் குடித்தோம். பிறகு சூப்பர்வைசர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்களுக்கு ஒரே ஒரு கண்டிஷன்தான். படம் மேடமே போடட்டும். நாலு வூடு. அதுல எந்த ரெண்டு எங்களுதுன்னு மொதல்ல நாங்க எடுப்போம்."

மாமா நிமிர்ந்தார். "இது இன்னா நாயம்? போடறது நாங்க, எடுக்கறது நீங்களா?"

"ஆமாங்க. எங்க வூட்ல மாம்பழம் அறுக்கறவங்கதான் கடைசில எடுக்கணும். அப்பத்தான் துண்டு ஒரே மாதிரி இருக்கும்." குரலை உயர்த்தாமல், வேலையிடத்தில் பேசுகிற மாதிரி சொன்னார். "உங்க வூட்டு ஆளு படம் போடறாங்க. எங்களுக்கு அதுல ஒண்ணும் தெரியாது. நம்பணும்னா இப்படித்தான் நம்ப முடியும்."

சூப்பர்வைசரின் கணவர், "நாயமாத்தானே கீது அண்ணாத்தே" என்று மெல்லச் சொன்னார். மாமா அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "உன்னால முடியுமா? நாலும் ஒரே தரமா வருமா?"

"வரும் மாமா" என்றேன். எப்படி வரும் என்று எனக்கு அப்போது தெரியாது. வரும் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

இத்தனை வருஷத்தில் நான் போட்ட ஒவ்வொரு குடும்ப வீட்டிலும் ஒரு மோசமான அறை இருந்திருக்கிறது. ஜன்னல் சந்தைப் பார்த்து இருக்கும், அல்லது கழிவறையை ஒட்டி இருக்கும். அது யாருக்கு என்று படத்தில் எழுதுவதில்லை. ஆனால் படத்தைப் பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். வயதான அத்தைக்கு, கல்யாணம் ஆகாத தம்பிக்கு, வேலைக்கு வருகிறவளுக்கு, வாடகைக்கு வருகிறவனுக்கு. வாய் இல்லாதவருக்கு அந்த அறை போகும். இந்த முறை மோசமான வீடு ஒன்று வந்தால் அது எனக்கே வரும் அல்லது மாமாவுக்கு வரும். அவருக்கு வந்தால் அதுவும் என் தலையில்தான் விடியும்.

பல படம் போட்டுக் கிழித்தேன். மேல்தளம் வெயிலில் காயும். அதற்கு ஈடாக அதன் கூரையை உயர்த்தி, மாடித் திறந்தவெளிக்கு வழி கொடுத்தேன். முதல்தளத்துக்குக் காற்று குறையும் என்று தோன்றியபோது நடு முற்றத்தின் மேல் ஒரு நீண்ட தாழ்வாரத்தை அதற்குக் கொடுத்தேன். ஏரிப் பக்கத்துக் காற்று இரண்டு வீட்டுக்கு மட்டும் வந்தது. படிக்கட்டைத் திருப்பிப் போட்டதும் நான்குக்கும் கொஞ்சம் கொஞ்சம் வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் மனதுக்குள் போய் நின்று, இது எனக்கு விழுந்தால் முகம் சுளிப்பேனா என்று கேட்டுப் பார்த்தேன். சுளிக்க மாட்டேன் என்று ஆன அன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் போட்ட நல்ல படம் அதுதான்.

சூப்பர்வைசர் அதை ஒரு வாரம் வைத்திருந்தார். திரும்ப வந்து மேல்தளத்தில் ஒன்றையும் முதல்தளத்தில் ஒன்றையும் தொட்டுக் காட்டினார்.

"இன்னா மேடம், இவ்ளோ கஷ்டமா போட்டு வெச்சிருக்கீங்க? எதை எடுக்கறதுன்னே தெரியல. எனக்கும் தம்பிக்கும் சண்டையே வந்துடுச்சு."

யாரும் என்னை அப்படிப் பாராட்டியதில்லை.

நான்கு வீடு போட்ட பிறகும் முதல்தளத்தில் இடம் மிஞ்சியது. இரண்டு படிக்கட்டுக்குப் பதில் ஒன்று, இரண்டு தொட்டிக்குப் பதில் ஒன்று என்று ஆனதும், கணக்கிலேயே இல்லாமல் ஒரு சின்ன வீடு முளைத்தது. ஓர் அறை, சமையல், குளியலறை. அதை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. வாடகைக்கு விடலாம் என்றார் மாமா. சூப்பர்வைசரின் தம்பிக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.

என் மகள் அப்போது பெங்களூரில் வேலையில் இருந்தாள். போனில் அவளிடம் சொன்னபோது, "எதுக்கும்மா உடனே யாருக்காவது கொடுத்துடணும்? மிச்சம் இருக்கட்டுமே" என்றாள்.

"சும்மா பூட்டி வைக்கவா?"

"பூட்ட வேணாம். யாருக்கு எப்ப வேணுமோ அவங்க இருந்துக்கட்டும். நீ பார்த்தியே, அந்த மெஷின். இன்னும் கொஞ்ச காலத்துல வீடுங்கறது எல்லாருக்கும் இருக்கும். ஆனா யாருக்கு எப்ப எங்க இருக்கணும்னு வருமோ, அது யாருக்குத் தெரியும்? கல்யாணம் ஆகும், கால் உடையும், வேலை மாறும். எல்லா வீடும் யாராவது ஒருத்தருக்குச் சொந்தமாவே இருந்தா, திடீர்னு வேணுங்கறவங்க எங்க போவாங்க?"

இதை நான் சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் உடனே பிடித்துக்கொண்டார். "எங்க கம்பெனில தீப்புடிச்சா அணைக்க மணல் வாளி மாட்டி வெச்சிருப்பாங்க. எரியலையேன்னு அதை யாரும் எடுத்து விக்க மாட்டாங்க. இதுவும் அப்படி இருக்கட்டும். சாவி மட்டும் எந்த வூட்டுலயும் இருக்கக் கூடாது." படிக்கட்டுக்குக் கீழே மீட்டர் பெட்டியில் மாட்டி வைப்பது என்று முடிவானது. மாமா தலையாட்டினார். சம்மதமா, சலிப்பா என்று சொல்ல முடியாத தலையாட்டல்.

பதிவு செய்யும்போது நிலம் முழுவதையும் எல்லார் பேரிலும் பிரிக்காத பங்காக எழுதினோம். இதில் புதுமை ஒன்றும் இல்லை. சென்னையில் அடுக்குமாடியில் வீடு வாங்கிய அத்தனை பேரும் ஏற்கெனவே அப்படித்தான் நிலம் வைத்திருக்கிறார்கள். எது என் மண் என்று யாராலும் காலால் கோடு போட்டுக் காட்ட முடியாது. முன்பின் தெரியாதவர்களோடு மண்ணைப் பங்கிட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். தெரிந்தவர்களோடு என்றால்தான் தயக்கம்.

இயந்திரம் எங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை என்பதால் கொத்தனார்களே கட்டினார்கள். குடிபுகுந்த வருஷமே நல்ல மழை. தூண்களுக்கு நடுவே தண்ணீர் வந்து ஒருநாள் நின்று, வடிந்தது. மாமா படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சூப்பர்வைசரின் கணவர். "தனியாக் கட்டியிருந்தா இந்நேரம் தண்ணி ஹால்ல நின்னிருக்கும்" என்றார் மாமா. "உங்க ஹால்லயா எங்க ஹால்லயா?" என்று அவர் கேட்டதற்கு மாமா சிரித்தார். அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்.

சின்ன வீட்டுக்கும் ஒரு நாள் வந்தது. என் மகளுக்கு அம்பத்தூரில் வேலை கிடைத்தது. அவளும் மருமகனும் சில மாதம் எங்களோடு இருப்பதாக ஏற்பாடு. சின்ன வீடு இருக்கிறதே என்று நான் மனதுக்குள் திரைச்சீலைகூட மாட்டிவிட்டேன். அதே வாரம் சூப்பர்வைசரின் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. அறுவை முடிந்து வீட்டுக்கு வருகிறவருக்குக் கட்டில், பார்த்துக்கொள்ள ஓர் ஆள், கூட்டமில்லாத அறை எல்லாம் வேண்டும். போதுமான வீடு இருந்தும் ஒரே சாவி இரண்டு பேருக்கு வேண்டியிருந்தது.

சாயங்காலம் எல்லாரும் படிக்கட்டில் உட்கார்ந்தோம். நான் வாய் திறப்பதற்குள் சூப்பர்வைசர், "உங்க பொண்ணு வரட்டும்க்கா. நாங்க எப்படியாவது பாத்துக்கறோம்" என்றார். குடிவந்த பிறகு மேடம் போய் அக்கா ஆகியிருந்தது.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஆனால் அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. யாரும் கேட்காமலே ஒதுங்கி வழிவிடுகிற குரல் அது. மனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்டிஷன் சொன்னவரின் குரல் இல்லை.

"அப்படி விட்டுக் கொடுக்காதீங்க" என்றேன். "எனக்கு என் பொண்ணு அங்க இருக்கணும்னு ஆசை. ஆசைதான், அவசரம் இல்ல. உங்களுக்கு?"

"எங்களுக்கு அவசரம்தான்க்கா" என்றார்.

"அப்ப பேச்சு முடிஞ்சுது" என்று எழுந்து, என் கணவர் மீட்டர் பெட்டியைத் திறந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.

என் மகள் வந்து எங்கள் முன்னறையில் பெட்டிகளுக்கு நடுவே தங்கினாள். முதல் மாதம் முணுமுணுத்தாள். மிச்சம் இருக்கட்டும் என்று சொன்னது நீதான் என்று நான் நினைவுபடுத்தியதும், "சொன்னேன், எனக்கே வரும்னு நினைக்கலையே" என்றாள். பிறகு முற்றத்தில் ஒரு மேசையைப் போட்டு அங்கேயே வேலை செய்யப் பழகினாள். தாழ்வாரத்தில் நடைப்பயிற்சிக்கு வருகிற அந்த மாமியாருக்கும் அவளுக்கும் பேச்சு ஒட்டிக்கொண்டது. அந்த அம்மா வாக்கரை விட்டுவிட்டு மெல்ல நடக்க ஆரம்பித்தபோது, மகளும் மருமகனும் வேறு வீடு பார்த்திருந்தார்கள். சின்ன வீடு பெருக்கித் துடைத்து மறுபடி காலியாக நின்றது. மாமா வாடகைப் பேச்சை எடுக்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. மாமா அவர்கள் வீட்டில் இன்னும் சாப்பிட்டதில்லை. காபி குடிக்கிறார். பொங்கலன்று அவர்கள் கொடுத்தனுப்பிய சர்க்கரைப் பொங்கலை வாங்கி வைத்துக்கொண்டு, பாத்திரத்தைக் கழுவி, அதில் வாழைப்பழம் வைத்துத் திருப்பி அனுப்பினார். ஆனால் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்க்கிற வேலையை இப்போது சூப்பர்வைசரின் தம்பியும் ஆவடியிலிருந்து வந்துபோகிற மாமாவின் மகனும் மாறி மாறிச் செய்கிறார்கள். அது யாருக்கும் ஒரு செய்தியாகவே தோன்றுவதில்லை.

சுவரும் கூரையும் மலிந்துபோகிற ஒரு காலம் வரத்தான் போகிறது. அப்போது என் தொழில் இருக்குமா என்று சிலர் கேட்கிறார்கள். இருக்கும் என்று சொல்கிறேன். எது எங்கே நிற்க வேண்டும், யாருக்கு எந்த ஜன்னல், எந்த இடத்தை யாருக்கும் இல்லாமல் எல்லாருக்குமாக விடுவது என்பதையெல்லாம் உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டியிருக்கும். அது கஷ்டமான காரியம் என்று முன்பு நினைத்திருந்தேன். டீ வாங்கிக் கொடுத்து, எல்லாருக்கும் ஒரே மாதிரி நாற்காலி போட்டால் ஆகிற காரியம்தான்.

போன மாதம் பின்தெருவிலிருந்து மூன்று மனைக்காரர்கள் எங்கள் கட்டடத்தைப் பார்க்க வந்தார்கள். மாடிவரை கூட்டிப் போய்க் காட்டினேன். அவர்களில் ஒருவர் கீழே முற்றத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் கீது. சண்டை வராதா?" என்று கேட்டார்.

"வரும். போன வாரம்கூட மோட்டார் போடறதைப் பத்தி வந்துது."

"அப்புறம்?"

"அப்புறம் மோட்டார் போட்டோம்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து மனையை அளந்து பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். வருகிறேன் என்றேன்.